வெற்றிலைக் கொடியின் முதல் ஆண்டு

தூத்துக்குடியில் வீட்டு வாசலிலோ மாடியிலோ வெற்றிலைக் கொடி வைத்தவர்கள் ஓராண்டு கழித்துச் சொல்லும் குறைகள் பெரும்பாலும் மூன்றுதான். நினைத்த அளவு இலை கிடைக்கவில்லை. கிடைத்த இலையும் சிறுத்து, ஓரம் கருகி நிற்கிறது. ஆத்தூர்க் கொடி என்று கேட்டு வாங்கிவந்தும் ஆத்தூர் வெற்றிலையின் காரம் வரவில்லை. இவை உண்மையிலேயே கொடியின் குறைகளா, அல்லது கொடியிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறோமா என்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. தொட்டியில் இருக்கும் கொடியின் கணக்கு பிடிபட்டால், ஆற்றங்கரையில் கொடிக்கால் போட்டுப் பிழைப்பவர்களின் கணக்கும் பிடிபடும். நம் மாவட்டத்துக்கு இரண்டுமே தேவை.

வெற்றிலை இந்தக் கரைக்குப் புதிது அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அங்கே நடந்த குதிரை வணிகத்தோடு, ஊரார் எந்நேரமும் வெற்றிலை மெல்லும் வழக்கத்தையும் சேர்த்தே குறித்துவைத்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தை ஒட்டியது அந்தக் காயல். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இப்போது கடலை விட்டு உள்ளே தள்ளி, வாழையும் வெற்றிலையும் விளையும் கிராமமாக இருக்கிறது. கொற்கை, ஆத்தூர், முக்காணி, சுகந்தலை என்று ஆற்றின் கடைமடையில் விளையும் இலைக்குத்தான் 2023இல் ‘ஆத்தூர் வெற்றிலை’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது.

முதலில் எண்ணிக்கையைப் பார்ப்போம். வெற்றிலை மிளகின் இனத்தைச் சேர்ந்த கொடி. ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பயிரிடுபவர்கள் விதையை நம்புவதில்லை. தண்டை வெட்டித்தான் நடுகிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட கொடியின் நுனிப் பகுதியில், மூன்று நான்கு கணுக்கள் உள்ள ஒரு முழத் துண்டாகப் பார்த்து எடுப்பார்கள். கணுக்களில் வேர் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நல்ல விதைக்கொடி. நட்டதும் அந்தத் துண்டு இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்தாக வேண்டும். மண்ணுக்குள் வேர் விட வேண்டும். மண்ணுக்கு மேலே கணுவுக்குக் கணு வேர் விட்டு, சுவரையோ மரத்தையோ பற்றி ஏற வேண்டும். இவை இரண்டுக்கும் செலவானது போக மிஞ்சுவதுதான் நமக்கு இலை.

எனவே நட்ட மூன்று முதல் ஆறு மாதங்களில் கொடி நாலு முதல் ஆறு அடி உயரம் எட்டிப் பக்கக் கிளை விடத் தொடங்கும்வரை இலையில் கை வைக்கக் கூடாது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி எக்டருக்கு ஒரு லட்சம் துண்டுகள் நடலாம். ஆண்டுக்கு 75 லட்சம் முதல் 100 லட்சம் இலை வரை எதிர்பார்க்கலாம். வகுத்துப் பார்த்தால் ஒரு துண்டுக்கு ஆண்டுக்கு 75 முதல் 100 இலை. நல்ல மண், ஆற்றுப் பாய்ச்சல், அகத்தி நிழல், தலைமுறை அனுபவம் எல்லாம் சேர்ந்த கொடிக்காலிலேயே கணக்கு இதுதான். தினமும் ஐந்து இலை கிள்ளும் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,825 இலை வேண்டும். இரண்டு கொடியை வைத்துக்கொண்டு அதை எதிர்பார்த்தால் எப்படிக் கிடைக்கும்? முதல் ஆண்டில் பாதிக் காலம் கொடி வளர்வதிலேயே போய்விடுவதால், இரண்டு கொடியில் ஒரு கவுளி, அதாவது நூறு இலை சேர்ந்தாலே அது நல்ல விளைச்சல்.

இந்தப் பொறுமை வெற்றிலைக்கு மட்டும் உரியது அல்ல. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடியும் ஆண், பெண் தனித்தனியாக இருக்கும் பல்லாண்டுப் பயிர்தான். ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியிலும் அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கிலும் அதைப் பயிரிடுபவர்கள் முதல் ஆண்டு விளைச்சலைப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஆண்டை வேருக்கு விட்டுவிடுகிறார்கள். முழு விளைச்சலை எதிர்பார்ப்பது மூன்றாம் ஆண்டை ஒட்டித்தான். நம் ஊரில் ஹாப்ஸ் வளர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தக் கொடி வளர நீண்ட கோடைப் பகல் வேண்டும். இந்தியாவில் அது இமாசலத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் விளைந்தது. ஆண்டு முழுதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும் தூத்துக்குடியில் அதனால் உயரமாக வளர முடியாது. நம் வெயிலுக்கும் நம் பகலுக்கும் ஏற்ற கொடி வெற்றிலைதான்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலடிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். சிப்பி முதிரவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு கிடையாது. இளம் பாரைத் தொடாமல் விட்டதை யாரும் நட்டம் என்று எழுதவில்லை. அடுத்த குளிப்புக்கு அதுதான் முதல். முதல் ஆண்டுக் கொடியில் நாம் கிள்ளாமல் விடும் இலையும் அப்படியே.

அடுத்தது இலை சிறுப்பதும் கருகுவதும். வெற்றிலை காட்டு மரங்களின் நிழலில் வாழப் பழகிய கொடி. கொடிக்காலில் அகத்தியை முதலில் விதைத்து, அது நிழல் தரும் அளவு வளர்ந்த பிறகே கொடியை நடுவார்கள். மாடியில் நேர் வெயிலில் வைத்துவிட்டு இலை வெளிறுகிறது என்று வருந்திப் பயன் இல்லை. காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரோ, முருங்கை மரத்தடியோ, நிழல் வலையோ வேண்டும். தூத்துக்குடியில் இதைவிடப் பெரிய காரணம் உப்பு. நகரத்தின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலையின் ஓரம்தான் முதலில் கருகும். ஆனால் மாநகராட்சிக் குழாயில் வருவது வல்லநாட்டில் எடுக்கப்படும் தாமிரபரணித் தண்ணீர். ஆத்தூர்க் கொடிக்கால்களுக்குப் பாய்வதும் அதே ஆறுதான். கொடிக்கு அந்தக் குழாய்த் தண்ணீரில் ஒரு குடம் ஒதுக்கினால் போதும். மண் ஈரமாக இருக்க வேண்டும்; தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் தண்டின் அடிப்பகுதி கறுத்து, கொடி ஒரே வாரத்தில் வாடிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்வது எந்த உரத்தையும்விட முக்கியம்.

மூன்றாவது கேள்வி காரம் பற்றியது. வெற்றிலையின் காரமும் மணமும் யூஜினால், சாவிபெட்டால் போன்ற பொருள்கள் அடங்கிய எண்ணெயிலிருந்து வருகின்றன. அந்த எண்ணெய் எவ்வளவு ஊறும் என்பதை முதலில் தீர்மானிப்பது ரகம். கற்பூரி இயல்பிலேயே காரம் குறைந்தது. அதன் பிறகு மண், நீர், நிழல், இலையின் வயது எல்லாம் சேர்கின்றன. ஆத்தூர் வெற்றிலைக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் காரமும் நீண்ட காம்பும். புவிசார் குறியீடு என்பது ஒரு ரகத்துக்குத் தரும் பட்டம் அல்ல. ஒரு பொருளின் தனித்தன்மைக்கு அது விளையும் இடமே காரணம் என்று சட்டம் ஏற்றுக்கொள்வது. ஆத்தூரிலிருந்து துண்டு வாங்கி மாடியில் நட்டால் அதே கொடியின் வாரிசு நமக்குக் கிடைக்கும். அந்த ஆற்றுப் படுகை கிடைக்காது. வீட்டு இலை நல்ல இலையாக இருக்கலாம். ஆத்தூர் வெற்றிலை ஆத்தூர் வட்டாரத்தில்தான் விளையும். இதில் ஏமாற்றமும் இல்லை, மோசடியும் இல்லை.

கொடியை வளர்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தை, மாசியிலோ சித்திரை, வைகாசியிலோ நடுவது வழக்கம். தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் போதும். பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை, ஒரு சாண் இடைவெளியில் வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிட வேண்டும். கிள்ளும்போது கட்டைவிரல் நகத்தால் காம்போடு எடுக்க வேண்டும். ஓராண்டில் கொடி பத்தடி எட்டியதும் இலை சிறுக்கும். பலர் கொடிக்கு வயதாகிவிட்டது என்று அதைப் பிடுங்கிவிடுவது இந்த நேரத்தில்தான். செய்ய வேண்டியது கொடி இறக்குவது. பங்குனி, சித்திரையில் கட்டை அவிழ்த்து, கொடியைக் கீழே இறக்கி, தண்டை வளையமாகச் சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். புதைந்த கணுக்கள் வேர்விட்டுப் புதிய கிளைகளைத் தரும். இரண்டாம் ஆண்டின் நல்ல இலை அங்கிருந்துதான் வருகிறது.

வீட்டில் ஓர் ஆண்டு போனால் போகட்டும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று நாம் சொல்ல முடிகிறது. கொடிக்கால்காரர் அப்படிச் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. மாவட்டத்தில் ஆண்டு முழுதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணியின் கடைமடை ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீர் தேங்கிய கொடிக்காலில் வேர் அழுகினால் போவது அந்த மாதத்து இலை மட்டும் அல்ல. அகத்தியை மறுபடி விதைத்து, அது நிழல் தரும்வரை காத்திருந்து, துண்டு நட்டு, முதல் கிள்ளலுக்கு இன்னும் மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்து, கொடி முழுப் பலன் தரும் நிலைக்கு மீண்டும் வர வேண்டும். அதுவரை கூலியும் குத்தகையும் நிற்காது.

ஒரு பருவத்தோடு முடிகிற பயிரின் சேதத்தை அந்தப் பருவத்து விளைச்சலால் அளக்கலாம். கொடிக்காலின் சேதத்தை அப்படி அளந்தால் பாதிக்கு மேல் விடுபட்டுப் போகும். வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் வெற்றிலைக்கு மறுநடவுச் செலவையும் வருமானம் இல்லாத முதல் ஆண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே கடைமடை வடிகால்களைத் தூர்வாருவதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். புவிசார் குறியீட்டால் இலையின் பெயரைக் காப்பாற்றியாயிற்று. கொடியைக் காப்பாற்றுவது இனி அரசின் கடமை; அதைக் கேட்டு வாங்குவது அந்த இலையைப் போடும் நம் எல்லோரின் கடமை.