நொத்தாரிசு ஆவது எப்படி?

பெண்ணுக்கு வீடும் வளவும் கொடுத்து மணம் முடித்து வைப்பது மட்டக்களப்பு நாட்டின் நெடுங்கால வழக்கம். அம் மாவட்டத்தின் வடபால் கடலோரத்தில் அமைந்த கதிரவெளிக்கும் இது பொருந்தும். ஆயின், 'கொடுத்தோம்' என்ற வாய்ச்சொல் மட்டும் சட்டத்தின் முன் நில்லாது. காணியை விற்றாலும், நன்கொடையாக அளித்தாலும், ஈடு வைத்தாலும், நொத்தாரிசு ஒருவரும் சாட்சிகள் இருவரும் முன்னிற்க ஒப்பமிட்ட உறுதி வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்த விதி. இத்துணைப் பொறுப்பு வாய்ந்த நொத்தாரிசு பதவியை அடைவது எங்ஙனம் என்பதை இவ்வாரம் மாணவர்க்கு எடுத்துரைப்போம்.

முன்னாளில் நொத்தாரிசு ஒருவரிடம் பயின்று, பரீட்சையில் தேறி, இத்தொழிலுக்கு வந்தோர் உளர். இன்றோ முதலில் சட்டத்தரணி ஆதல் வேண்டும். உயர்தர வகுப்பை முடித்தோர் கொழும்பில் 1874இல் தோன்றிய இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சையை எழுதலாம். பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்தின் வழியாகவும் அக்கல்லூரியை அடையலாம். பரீட்சைகளில் தேறி, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சி பெற்றபின், உயர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சட்டத்தரணி ஆகலாம். நொத்தாரிசு ஆவதற்கோ உறுதி எழுதுதல் பற்றிய தனிப் பரீட்சையிலும் தேறி, நீதி அமைச்சரிடம் அதிகாரப் பத்திரம் பெறல் வேண்டும். எந்த எல்லைக்குள், எம்மொழியில் தொழில் செய்யலாம் என்பது அதிற் குறிக்கப்படும்.

பதவி பெறுவதினும் அதனைக் காப்பது அரிது. 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுகள் கட்டளைச் சட்டம் கடுமையான விதிகளை வகுத்துள்ளது. ஒப்பமிடுபவரை நொத்தாரிசு அறிந்திருத்தல் வேண்டும். இல்லையேல் சாட்சிகளாவது அறிந்திருத்தல் வேண்டும். எழுத்தறியாதார்க்கு உறுதியை வாசித்து விளக்குதல் வேண்டும். 'நமக்குத் தெரிந்த குடும்பந்தானே' என்று, வராத ஒருவர் வந்ததாக எழுதுபவர் தம் தொழிலையும் பிறர் காணியையும் ஒருங்கே கெடுப்பவராவார்.

உறுதியின் மூலம் உரியவரிடம் சேரும். ஒரு பிரதியை நொத்தாரிசு தம்மிடம் வைத்துக்கொள்வார். மற்றொன்றை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். இவ்வேற்பாட்டின் அருமையைக் கீழ்க்கரை மக்கள் நன்கறிவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2006ஆம், 2007ஆம் ஆண்டுகளிற் போரும் கதிரவெளிப் பகுதியைத் தாக்கின. பெட்டியிலிருந்த பத்திரம் அலையிலும் இடப்பெயர்விலும் அழியலாம். பதிவகத்துப் பிரதி இருப்பின், அதன் உறுதிப்படுத்தப்பட்ட நகலைப் பெற்று உரிமையை நிறுவலாம்.

இங்கே குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை இரண்டு. பிரதியை அனுப்புவது வேறு, உறுதியைப் பதிவு செய்வது வேறு. பதியாத உறுதி, பின்வந்து விலை கொடுத்து முந்திப் பதிந்தவனது உறுதிக்குத் தோற்றுப்போகக்கூடும். மேலும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தால் கிடைத்த அரச காணியை உரிய அதிகாரியின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்றினால், அது செல்லாது. நல்ல நொத்தாரிசு இதனை முதலிலேயே சொல்லிவிடுவார். கூலிக்காக வாய்மூடி இரார்.

ஆகவே, இத்தொழிலை நாடும் மாணவர் தெளிந்த தமிழும், எல்லைகளைப் பிழையறக் குறிக்கும் பொறுமையும், கூடாததைக் 'கூடாது' எனக் கூறும் நெஞ்சுரமும் இப்போதிருந்தே பழகுதல் வேண்டும். எளியோர் மொழியில் எளியோர்க்கு விளக்கியுரைக்கும் நொத்தாரிசு ஒருவர் கதிரவெளி போன்ற ஊரிலிருந்து எழுவாராயின், பல குடும்பங்களின் வளவுகள் வழக்கின்றி வாழும்.