அறத்தின் வாயில் அகலத் திறக்கட்டும்

அறம் செய்யும் மனம் ஒன்று. அவ்வறம் உரியவரைச் சென்றடையும் வழி மற்றொன்று. பின்னதைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்கி வருகிறது. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அங்குண்டு. தொடக்கத்தில் அவற்றைப் படிக்கத் தனி எழுத்துருவைக் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. பின்னர் அவை ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. நூல் அதுவே, வாயில்தான் அகன்றது. இன்று கைப்பேசியிலேயே படிக்கலாம்.

நம் அறக்கட்டளைகளின் இணையதளங்கள் இவ்வழியைக் கைக்கொண்டனவா? நம் மாணவி ஒருவர். தந்தை ஓசூர்த் தொழிற்பேட்டைத் தொழிலாளி. உதவித்தொகை கோரி ஓர் அறக்கட்டளையின் தளத்தை அணுகினார். முகப்பு முழுவதும் விழாப் படங்கள். விண்ணப்பமோ ஆங்கிலத்தில், எங்கோ அடியில். அதனைக் கண்டறிவதற்குள் இறுதி நாள் கடந்துவிட்டது. பொருள் இருந்தது, ஈயும் மனமும் இருந்தது, வழிதான் இல்லை.

படங்களே நன்கொடையாளரை ஈர்க்கும் என்பர் சிலர். மெய்யே, அவற்றுக்கு உள்ளே இடம் தருவோம். முகப்போ நாடி வருபவருக்கு உரியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வழங்கும் இவ்வெல்லைப் பகுதியில், விண்ணப்பமும் இறுதி நாளும் தொலைபேசி எண்ணும் நான்கு மொழிகளிலும் முகப்பிலேயே அமைதல் வேண்டும். தளத்தை வெளியிடுமுன் தொழிலாளி ஒருவரின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் தடுமாறும் இடமே திருத்த வேண்டிய இடம்.

ஜக்காத் ஈவோரின் பெருமையன்று, பெறுவோரின் உரிமை. உரிமையாளரை வாயிலில் காக்க வைத்தல் தகுமோ? பெரியோர்களே, சிந்திப்பீர்!