சோம்பேறி என்று சொல்லாதீர்கள்

போன வாரம் மத்தூரில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் என் தம்பி மகனைக் காட்டிச் சொன்னார்: "மாத்திரை சாப்பிடறான், காதில் குரல் கேட்கறதும் நின்னுடுச்சு. இன்னும் என்ன? வேலை செய்ய உடம்பு வளையலை, அவ்வளவுதான்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபம் அவர்மேல் மட்டுமில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு அதையே சொன்னவன் நான். அதுவும் பள்ளிக்கூட வாத்தியார்!

அவனுக்கு மனச்சிதைவு நோய். மூன்று சாமான் வாங்க அனுப்பினால் ஒன்றோடு வருவான். ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். சூப்பர்வைசர் ஒரே மூச்சில் நாலு வேலை சொல்வார். முதலாவதை முடிப்பதற்குள் மற்றது மறந்துவிடும். இரண்டே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். "திமிர்" என்றேன் நான்.

அது திமிர் இல்லை, நோயின் ஒரு பகுதி. பலருக்கு இந்தக் கவனக் குறைவும் மறதியும் குரல் கேட்பதற்கு முன்பே தொடங்கி, குரல் அடங்கிய பின்னும் நீடிக்கும். மாத்திரை குரலை அடக்கும். ஞாபகத்தைப் பெரிதாக மீட்டுத் தராது.

"மாத்திரைதான் மந்தமாக்குது, நிறுத்திடு" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறுத்தினால் குரல் திரும்பி வரும். கை நடுக்கத்துக்குத் தரும் சில மாத்திரைகள் மறதியைக் கூட்டலாம் என்பது உண்மை. அதை டாக்டரிடம் கேளுங்கள். நீங்களே டாக்டர் ஆகாதீர்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயை விளக்கும்போது 'நினைவு' பாதிக்கப்படுவதையும் சேர்த்தே சொல்கிறது. அவர்களுக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. கால் இல்லாதவரை "ஓடு" என்போமா? 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மருந்தோடு தொழிற்பயிற்சியும் தந்து வருகிறது. நம் கம்பெனிகள் செய்ய வேண்டியது அதைவிடச் சின்ன வேலை: ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள், அதை எழுதிக் கொடுங்கள். செலவு ஒரு துண்டுச் சீட்டு.

இப்போது நான் சீட்டு எழுதித்தான் கடைக்கு அனுப்புகிறேன். மூன்றும் வருகிறது, மீதிச் சில்லறையும் வருகிறது.

அன்று பேசியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குப் பெரியப்பா?" என்றான். அவன் மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.