கும்பினியே மூடியாகிவிட்டது

போன ஞாயிற்றுக்கிழமை காலை தரகர் போன் செய்தார். ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம், குடும்பம் பிடித்திருக்கிறதாம், பையனையும் பிடித்திருக்கிறதாம். "ஆனா சார், பையன் வேலையை விட்டுட்டாரு இல்லையா, அதுதான் பொண்ணு வீட்டுல யோசிக்கிறாங்க. மாசம் ஒண்ணாம் தேதி கையில வர்ற மாதிரி ஏதாச்சும் இருந்திருந்தா இந்நேரம் பூ வெச்சுட்டுப் போயிருப்பாங்க."

பையன் என் அக்கா மகன். வயது 29. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியின் ஏசி சர்வீஸ் பிரிவில் ஆறு வருடம் இருந்தான். மூன்று வருடத்துக்கு முன் அதிலிருந்து விலகித் தாம்பரத்தில் சொந்தமாக ஏசி சர்வீஸ் தொடங்கினான். இன்று அவனிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். 160 ஏசிகள் அவனுடைய ஏ.எம்.சி.யில், அதாவது வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில், இருக்கின்றன. பாதி வீடுகள், மீதி இரண்டு பல் மருத்துவமனை, ஒரு துணிக்கடை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கம்பெனியில் அவன் கடைசியாக வாங்கிய சம்பளம் 24,000 ரூபாய். இப்போது தன் ஆட்களில் மூத்தவனுக்கு அவன் கொடுப்பது 22,000. மே மாதத்தில் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்தால் வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். இவனைத்தான் வேலையை விட்டவன் என்கிறார்கள்.

எனக்குக் கோபம் அந்தப் பெண் வீட்டார்மீது மட்டும் இல்லை. தாம்பரம் மேற்கில் 1998 முதல் யு.பி.எஸ்., ஸ்டெபிலைசர் சர்வீஸ் செய்துகொண்டு இந்தப் பேச்சைக் கேட்டுவருகிறேன். மாதச் சம்பளம் என்றால் பாதுகாப்பு, சொந்தத் தொழில் என்றால் ஆபத்து என்று தமிழ்நாட்டில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். இதைவிடப் பொய்யான ஒரு நம்பிக்கையை இவ்வளவு உறுதியாக நாம் வேறெங்கும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

கோழி மேய்த்தாலும் கும்பினியில் மேய்க்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். கும்பினி என்பது கிழக்கிந்தியக் கம்பெனி. 1858இல் அதன் கையிலிருந்து ஆட்சி பறிபோனது. 1874இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. நாம் அந்தப் பழமொழியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, கும்பினி இருந்த இடத்தில் கவர்மெண்டைப் போட்டோம், பிறகு பன்னாட்டு கம்பெனியைப் போட்டோம்.

பன்னாட்டு கம்பெனி என்றதும் எனக்கு நோக்கியாதான் நினைவுக்கு வருகிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கியபோது ஊரெல்லாம் கொண்டாடியது. ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்த இளம்பெண்கள், கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். "நோக்கியாவில் வேலை" என்றால் பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள் என்று பொருள். 2013இல் வரித் தகராறு பெரிதானது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கிக்கொண்டபோது, அந்தத் தகராறினால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஒன்பது வருடம்கூட முழுதாக ஆகவில்லை. வேலை இழந்தவர்களில் ஒருவர்கூட அந்த வரிக் கணக்கை எழுதியவர் இல்லை. வேலையில் குறை வைத்ததாகவும் யாரும் அவர்களைச் சொல்லவில்லை. எங்கோ இரண்டு தரப்பு மோதியது, நடுவில் இவர்களின் ஒன்றாம் தேதி காணாமல் போனது.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒருவர் செல்போன் பழுதுபார்க்கிறார். நாலடி அகலக் கடை. ஒரு சின்ன கம்பெனியில் டிவி பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், 2005இல் அதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ரிச்சி தெருவுக்குப் போய் ஸ்பீக்கர், மைக், கீபேட், டிஸ்ப்ளே வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தார். முக்கால்வாசி நோக்கியா போன்கள்தான் அவர் மேசைக்கு வந்தன. அவர் தொழில் தொடங்கிய புதிதில் அவர் வீட்டிலும் இதே அழுகைதான். ஸ்ரீபெரும்புதூரில் ஆள் எடுக்கிறார்களாம், போய் எழுதிப்போடு என்று அவர் மாமியார் என் காதுபடவே சொன்னார். ஆலை மூடிவிட்டது. அந்த ஆலையின் போனைப் பழுதுபார்த்தவர் கடை மூடவில்லை. கீபேட் போய்த் தொடுதிரை வந்தபோது அவர் ஒரு மைக்ராஸ்கோப்பும் ஹாட் ஏர் ஸ்டேஷனும் வாங்கினார், ஆறு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போர்டு வேலை கற்றுக்கொண்டார். இன்றைக்கும் காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறார்.

இரண்டில் எது பாதுகாப்பான வேலை?

அரசு நிறுவனம் என்றால் அசையாது என்பவர்கள் ஊட்டிக்குப் போய்ப் பார்க்கட்டும். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மத்திய அரசின் நிறுவனம். 1960இல் தொடங்கி, 1967இல் உற்பத்திக்கு வந்தது. 1996இல் அது நலிவடைந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. தனியார் பக்கம், மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2021இல் அறிவிப்புக் கொடுத்து, 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. நமக்கு இவையெல்லாம் அன்றைய செய்தியாக மட்டும் தெரிகின்றன. மறுநாள் காலையிலேயே "பையன் எங்கே வேலை பார்க்கிறான்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

நிரந்தர வேலை என்று யாராவது பெருமை பேசினால், அவர்கள் பிள்ளையின் பணி நியமனக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். ஒரு மாத அறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்து இரு தரப்பில் யாரும் விலகிக்கொள்ளலாம் என்று இருக்கும். அவர்களின் நிரந்தரம் முப்பது நாள் நீளம். என் அக்கா மகனுக்கு அவ்வளவு வாடிக்கையாளர்களும் ஒரே நாளில் கடிதம் எழுதினால்தான் அவன் தொழில் நிற்கும். ஒரு பல் மருத்துவர் கோபித்துக்கொண்டு போனால் அவனுக்கு நான்கு ஏசி குறையும், அவ்வளவுதான். சம்பளக்காரனுக்குப் படியளப்பவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர் கையை மடக்கினால் மறுநாள் அடுப்பு கேள்விக்குறி. நோக்கியாவில் ஒரே கை மடங்கியது. நாலடிக் கடைக்காரருக்குத் தெருவில் போகிற ஒவ்வொருவர் பையிலும் ஒரு கை இருந்தது.

உத்தியோகம் புருஷ லட்சணம் என்பார்கள் அடுத்து. பெண்களைக் கணக்கில் எடுக்காத அந்தப் பழமொழியை நான் மதிக்கவில்லை, ஆனாலும் அந்தச் சொல்லையாவது சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். உத்தியோகம் என்ற வடசொல்லுக்கு முயற்சி என்றுதான் பொருள். மகாபாரதத்தில் உத்தியோக பர்வம் போருக்கு முந்தைய முயற்சிகளைச் சொல்வது. சிறுதொழில் நடத்துபவர்கள் பதிவு செய்வதற்கு மத்திய அரசு 2020இல் தொடங்கிய தளத்துக்கு உத்யம் என்று பெயர், அதற்கும் முயற்சி என்றுதான் பொருள். முயல்கிறவன் இங்கே அவுட்டோர் யூனிட்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடியில் தொங்குகிறான்.

தொங்குகிறான் என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஏசி பாயின்ட் கொடுக்கிற கட்டுநர்கள், அவுட்டோர் யூனிட்டை வைக்க ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு திட்டு கட்டுவதில்லை. இரண்டு ஆங்கிளை அடித்து வெளிச்சுவரில் மாட்டிவிடுகிறார்கள். சர்வீஸ் செய்கிற பையன் ஜன்னல் வழியாக இறங்கி, ஒன்றரை அடி சன்ஷேடில் கால் வைத்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வேலை செய்கிறான். அந்த வீட்டில் வாஸ்துவுக்கு இடம் இருக்கும். வந்து பழுதுபார்க்கிறவன் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் தருகிறவர்கள் ஒருநாள் அந்தச் சன்ஷேடில் இறங்கி நின்று பார்க்க வேண்டும்.

இறங்கி ஏறி வந்த பையனிடம் கேட்பார்கள்: "ஒரு மணி நேரந்தானே தம்பி, அதுக்கு இவ்ளோவா?" கேஸ் கசிந்தால் முறையாக என்ன செய்ய வேண்டும் தெரியுமா? நைட்ரஜன் அடித்து அழுத்தம் பார்க்க வேண்டும். சோப்பு நுரை தடவிக் கசியும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அங்கே பற்றவைக்க வேண்டும். வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். பிறகு எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். இப்போது பரவலாக வரும் ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு, அதனால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். இதையெல்லாம் செய்கிறவனிடம் பேரம் பேசுகிறார்கள். கசிவைப் பார்க்காமலே கேஸை நிரப்பிவிட்டுப் போகிறவனை, விலை குறைவு என்பதற்காக மறுபடி கூப்பிடுகிறார்கள். அடுத்த கோடையில் அதே ஏசி மறுபடி காற்றை மட்டும் விடும்.

வங்கிகளும் பெண் வீட்டார் மாதிரியேதான். என் அக்கா மகனிடம் வேலை செய்யும் பையன் பைக் கடன் கேட்டான். சம்பளச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அக்கா மகன் தன் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், ஒரே வாரத்தில் கடன் வந்துவிட்டது. அதே கிளையில் இவன் ஒரு பழைய மினி வேன் வாங்கக் கடன் கேட்டபோது அப்பாவின் வீட்டுப் பத்திரம் இருக்கிறதா என்றார்கள். பத்து லட்சம் வரை பிணை இல்லாமல் கொடுக்கலாம் என்று 2015இலேயே முத்ரா திட்டம் வந்துவிட்டது, அதைச் சொன்னான். அதற்கும் பத்திரம் இருந்தால் நல்லது என்று பதில் வந்தது. சம்பளம் வாங்குகிறவன் நம்பத் தகுந்தவன், அந்தச் சம்பளத்தைக் கொடுக்கிறவன் சந்தேகத்துக்குரியவன். எந்த ஊர் நியாயம் இது? 2013இல் ஒரு நோக்கியா தொழிலாளியும் அந்த நாலடிக் கடைக்காரரும் கடன் கேட்டுப் போயிருந்தால் யாருக்குக் கொடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் யாரால் தவணை கட்ட முடிந்திருக்கும் என்பதும் தெரியும்.

சொந்தத் தொழிலில் வருமானம் நிரந்தரம் இல்லை என்கிறார்களே, அதை நிரந்தரம் இல்லாமல் ஆக்குவது யார்? இவன் பராமரிக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கம் 38,400 ரூபாயை நான்கு மாதமாகத் தரவில்லை. பொதுக்குழு கூடவில்லை, பொருளாளர் ஊரில் இல்லை, செக்கில் இரண்டாவது கையெழுத்து வாங்கவில்லை என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம். அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் ஒன்றாம் தேதி சம்பளமோ ஓய்வூதியமோ வாங்குகிறவர்கள். தங்கள் பணம் இரண்டாம் தேதி வந்தால் அலுவலகத்தையே கலக்கிவிடுவார்கள். சிறுதொழில் செய்பவருக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டி நிறுத்திவைக்கக் கூடாது என்று 2006ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டமும் இதற்கு ஒரு பிடி போட்டிருக்கிறது. உரிய காலத்தில் பணம் கொடுக்காத நிறுவனம், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்டிக்கொள்ள முடியாது. சட்டம் இருக்கிறது. வட்டி கேட்டால் அடுத்த வருடம் ஏ.எம்.சி. வேறு ஆளுக்குப் போய்விடும் என்று இவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். பணத்தை இழுத்தடிக்கிறவர்களே மாலையில் வீட்டுக்குப் போய், மகளுக்கு வரன் பார்க்கும்போது, சர்வீஸ்காரனுக்கு மாதா மாதம் பணம் வராது என்று தள்ளிவிடுகிறார்கள்.

நேற்று அக்கா பயோடேட்டாவை எடுத்துக்கொண்டு வந்தாள். "பிரைவேட் கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியர்னே போட்டுடலாமாடா? கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது, அதனால் நான் சத்தம் போடவில்லை. பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு எழுதிக் கொடுத்தேன்: "சொந்தத் தொழில், ஏசி சர்வீஸ், தாம்பரம். மூன்று பேருக்கு மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்கிறார்."