அஞ்சு கோடி பவுண்டுக்கு ஒரு படமா?

ஒரே ஒரு படம். விலை 5 கோடி பவுண்டு. இத்தாலிய ஓவியர் டிஷியன் வரைந்த 'டயானாவும் ஆக்டியானும்' ஓவியத்துக்கு 2009-ல் லண்டன் நேஷனல் கேலரியும் ஸ்காட்லாந்தின் தேசிய கலைக்கூடங்களும் சேர்ந்து கொடுத்த தொகை இது. ஸ்காட்லாந்து அரசின் பணமும் அதில் உண்டு, பொதுமக்களின் நன்கொடையும் உண்டு. "நாடே பொருளாதார வீழ்ச்சியில் கிடக்கும்போது இது தேவையா?" என்று அப்போது கிளம்பிய கூச்சல், அரசாங்கம் ஓவியம் வாங்கும் போதெல்லாம் இன்றும் கிளம்புகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால்தான் உதைக்கும்.

முதலில் கதை. வேட்டைக்குப் போன ஆக்டியான் வழி தவறி, டயானா தேவி குளிக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறான். கோபத்தில் அவள் அவனை மானாக்க, அவனுடைய நாய்களே அவனைக் கடித்துக் குதறுகின்றன. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதை. டிஷியன் வரைந்தது சாவை அல்ல, அதற்கு முந்தைய நொடியை. சிவப்புத் திரை விலகுகிறது, டயானா துணியை இழுத்து மறைக்கிறாள், தூணின் மேல் ஒரு மான் மண்டையோடு. என்ன நடக்கப் போகிறது என்று பார்ப்பவருக்குத் தெரியும், பாவம் அவனுக்குத் தெரியாது!

இதை 1556-க்கும் 1559-க்கும் இடையில் டிஷியன் வரைந்தது ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்காக. அரண்மனைக் கண்களுக்கு மட்டும். பிறகு பிரான்சின் ஆர்லியன்ஸ் பிரபுக்கள், 1798-ல் ஒரு ஆங்கிலப் பிரபு என்று கைமாறி, 1945 முதல் எடின்பரோவில் இரவலாகத் தொங்கியது. 2008-ல் உரிமையாளரான சதர்லாந்து பிரபு விற்க முன்வந்தார். சந்தை விலையை விடக் குறைவு என்று அவரைப் பாராட்டியவர்களும் உண்டு. பரம்பரையாக வந்த சொத்துக்கு 5 கோடி வாங்குவதற்குப் பெயர் தியாகமா? நல்ல வியாபாரம், அவ்வளவே.

இப்போது கணக்கு. பிரிட்டன் மக்கள்தொகை அன்று 6 கோடிக்கு மேல். தலைக்கு ஒரு பவுண்டு கூட இல்லை. அதே பிரிட்டன் அரசு 2008 அக்டோபரில் மூன்று வங்கிகளைத் தூக்கி நிறுத்த அறிவித்தது 3,700 கோடி பவுண்டு. அதாவது இந்தப் படத்தைப் போல 740 மடங்கு! அவற்றில் ஒன்றான ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் கடைசிப் பங்குகளை அரசு விற்று முடித்தது 2025-ல்தான், அதுவும் மொத்தத்தில் 1,000 கோடிக்கு மேல் நஷ்டத்தில். வங்கி மூழ்கினால் மக்கள் பணமும் மூழ்கும், உண்மைதான். ஆனால் வங்கிகள் அடித்த ஓட்டையை அடைக்கப் பணம் இருந்த நாட்டில், படம் வாங்கும்போது மட்டும் சிக்கனம் நினைவுக்கு வருவதுதான் வேடிக்கை.

"விற்க முடியாத சொத்து என்ன சொத்து?" என்பார்கள். சாலையையும் நூலகத்தையும் கூடத்தான் யாரும் விற்பதில்லை. அதற்காக அவை வீண்செலவா? இயந்திரத்துக்கு வருடா வருடம் தேய்மானம் எழுத வேண்டும். 450 வருடம் தாண்டிய இந்தப் படத்துக்கு எந்தத் தேய்மானம்? 2012-ல் இதன் ஜோடிப் படமான 'டயானாவும் கலிஸ்டோவும்' 4.5 கோடிக்கு வாங்கப்பட்டதும் சரியான முடிவே.

பார்க்கக் கூடாததைப் பார்த்ததற்காக ஒருவன் செத்த கதை இது. அதை ஒரு ராஜா மட்டும் பார்த்தார். இன்று லண்டனிலும் எடின்பரோவிலும் மாறி மாறி வைக்கிறார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. பள்ளிக்கூடப் பையனும் பஸ் டிரைவரும் நின்று பார்க்கலாம். ஏதோ ஒரு கோடீஸ்வரரின் பூட்டிய அறைக்குள் அது போயிருந்தால், இதே ஆட்கள் "நாட்டின் பொக்கிஷத்தைக் கோட்டை விட்டார்களே" என்று கண்ணீர் வடித்திருப்பார்கள் :-)