கை பேசும் மொழியும் கைபேசியும்

செவிப்புலன் இழந்தோர்க்குக் கையும் கண்ணும் முகமுமே நாவாகும். அவர்தம் சைகை மொழியைப் பேச்சாகவும், பிறர் பேச்சைச் சைகையாகவும் மாற்றித் தருவோர் சைகைமொழி உரைபெயர்ப்பாளர். புதிய கருவிகள் அன்னாரது தொழிலை இன்று பெரிதும் மாற்றி வருகின்றன. அம்மாற்றத்துள் நாம் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என்பதைப் பழைய மாணவரும் இளையோரும் ஒருங்கே சிந்தித்தல் நன்று.

முதற்கண் நன்மையைக் கூறுவோம். அறுகம்பேயிலிருந்து கல்முனை 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. கொழும்போ 300 கிலோமீற்றருக்கும் அப்பாலது. பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளரை இத்துணைத் தூரம் வரவழைத்தல் ஏழைக்கு இயல்வதன்று. ஆதலின், செவிப்புலனற்ற தாயொருத்தி தன் நோயை வைத்தியருக்கு உணர்த்தப் பள்ளி செல்லும் மகனையே துணைக்கொள்ள நேர்கிறது. தாய் மகனிடம் சொல்லக் கூசும் நோயும் உண்டன்றோ? கைபேசியின் காணொளி அழைப்பு இவ்விடரைத் தீர்க்க வல்லது. பெண்ணுக்குப் பெண்ணே உரைபெயர்க்கலாம். அவர் அயலூரார் ஆதலின், வீட்டுச் செய்தி ஊர்ச் செய்தியாகாது. முஸ்லிம் தாய்மாரும் தமிழ்த் தாய்மாரும் அடுத்தடுத்து வாழும் இக்கரையோரத்தில் இஃது ஒரு பெரும்பேறு. 2023 செப்டெம்பரில் செவிப்புலனற்ற வழக்கறிஞர் சாரா சன்னி, காணொளி வாயிலாக, உரைபெயர்ப்பாளர் துணையுடன் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் தோன்றினார். தொலைவும் குறைபாடும் ஒருங்கே வெல்லப்பட்டமைக்கு அது சான்று.

இனிக் குறையை நோக்குவோம். 2016இல் அமெரிக்காவின் வாஷிங்ரன் பல்கலைக்கழக மாணவர் இருவர், கைச்சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறை செய்து 10,000 டொலர் பரிசு பெற்றனர். உலகம் புகழ்ந்தது, செவிப்புலனற்றோர் பலர் உடன்பட்டிலர். கையுறை விரலை அறியும்; முகத்தை அறியாது. சைகை மொழியிலோ புருவத்தின் உயர்வு வினாவாகலாம். தலையின் அசைவு எதிர்மறையாகலாம். உள்ளத்து நிகழ்வு உடலிற் புலனாதலை எண்வகை மெய்ப்பாடாக வகுத்து, அதற்கெனத் தனி இயலே அமைத்தார் தொல்காப்பியர். அதனைக் கற்ற நமக்கு இக்குறை எளிதிற் புலப்படும்.

திரையிலே தோன்றிச் சைகை செய்யும் கணினிப் பாவைகளும் வந்துள்ளன. புகைவண்டி நிலைய அறிவிப்புப் போன்ற, முன்னரே வரையறுத்த செய்திகளுக்கு அவை உதவலாம். நேருரையாடலில் மனிதருக்கு மாற்றாகா என்று உலகச் செவிப்புலனற்றோர் சம்மேளனமும் உலக உரைபெயர்ப்பாளர் சங்கமும் 2018இல் கூட்டாக அறிவித்தன. நாமும் அக்கருத்தினமே. நல்ல உரைபெயர்ப்பாளர், எதிரிலிருப்பவர் முகத்தில் ஐயம் கண்ட அளவிலே வேறு வகையாற் கூறித் தெளிவிப்பார். நோயாளியின் உயிரும் வழக்காளியின் உரிமையும் அத்தெளிவில் தங்கியுள்ளன.

மற்றுமொன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதியை இக்கரையோரம் மறவாது. அபாயச் சங்கும் ஒலிபெருக்கியும் செவிப்புலனற்றோர்க்குப் பயன்படா. கைபேசியில் வரும் எழுத்தும் சைகைக் காணொளியும் பயன்படும். எனினும் மின்சாரமும் தொடர்பும் அறுந்த நாளில் அவையும் பயனிலவாம். கதவைத் தட்டினால் அவர்க்குக் கேளாது. உள்ளே சென்று தோளைத் தொட்டுக் கையாற் சொல்ல ஊரிலே ஒருவர் வேண்டும்.

இலங்கை 2016இல் உறுதிப்படுத்தி ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சமவாயம், தொழில்முறைச் சைகைமொழி உரைபெயர்ப்பாளரின் சேவையையும் அரசுகளின் கடமையாகக் கூறுகிறது. அரசின் கடமை அரசுடையது. நம் பங்கும் ஒன்றுண்டு. பெருவிழா நிதியின் ஒரு பகுதியால், ஓர் இளைஞனையும் ஓர் இளம்பெண்ணையும் தமிழறிந்த சைகைமொழி உரைபெயர்ப்பாளராகப் பயிற்றுவிக்குமாறு பழைய மாணவர் சங்கத்தை வேண்டுகிறோம். மாணவர் அடிப்படைச் சைகைகளைக் கற்க வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குதலும் அரிதன்று. கருவியைக் கடையில் வாங்கலாம். அதன் திரையில் தோன்றிப் பேசும் ஆளைக் கல்விச்சாலையே ஆக்கித் தரல் வேண்டும்.