புதுக்கோட்டைக்கும் கடல் இருக்கு

லீவுக்கு எங்கே போகலாம் என்று இன்பாக்ஸில் கேட்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாப் படிங்க.

வெளிநாடு போய்வரும் வசதி இப்போ நிறைய பேருக்கு வந்திருக்கு. சந்தோஷம். தெரிந்த டாக்டர் குடும்பங்களே ரோம், வெனிஸ் என்று போய்விட்டு வந்து படம் போடுகிறார்கள்.

வெனிஸில் கூட்டம் தாங்க முடியாமல், 2024 ஏப்ரலில் இருந்து நெரிசலான நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார்கள். கோயிலுக்கோ மியூசியத்துக்கோ இல்லைங்க, ஊருக்கே டிக்கெட்!

அதனால் விவரமானவர்கள் இப்போது கூட்டம் போகாத துறைமுக ஊராகப் பார்த்துப் போகிறார்கள். சரக்கு இறங்கும், மீன் ஏலம் போகும், வந்தவனுக்காக ஊர் தன்னை அலங்கரித்துக் கொண்டு நிற்காது.

நல்ல யோசனை. ஆனால் அதற்கு இத்தாலி வரைக்கும் போகணுமா? நீங்க கோட்டைப்பட்டினம் போயிருக்கீங்களா?

"அது எங்கே இருக்கு" என்று சென்னைக்காரர் கேட்டால் பரவாயில்லை. புதுக்கோட்டை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் "நம்ம மாவட்டத்துல கடல் இருக்கா சார்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது, சுற்றிலும் நிலம்தான். 1974 ஜனவரி 14 அன்று திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களில் இருந்து பிரித்து புதுக்கோட்டை மாவட்டத்தை உருவாக்கினார்கள். தஞ்சாவூர் பக்கமிருந்து வந்த அறந்தாங்கிப் பகுதியோடுதான் கடலும் வந்தது. வடக்கே கட்டுமாவடியில் ஆரம்பித்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

அதே 1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் கச்சத்தீவு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. பாக் நீரிணையில் எல்லைக்கோடு வந்தது. மாவட்டத்துக்குக் கடல் கிடைத்து ஆறு மாதம் முடியவில்லை, கடலுக்குள் கோடு விழுந்துவிட்டது.

இன்றைக்கு ஈசிஆரில் ராமேஸ்வரம் போகிற கார்கள் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாவற்றையும் ஒரு பாட்டு முடிவதற்குள் தாண்டுகின்றன. டீ குடிக்கக்கூட நிற்பதில்லை. ரோட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கடல்.

முதலில் ஏமாற்றமாக இருக்கும், இப்பவே சொல்லிடறேன். இது பாக் விரிகுடா. ஆழம் குறைவு. மெரினா மாதிரி அலை அடிக்காது. பல இடங்களில் வெள்ளை மணல் கிடையாது, சேறுதான். காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். கருவாட்டு வாசம் துணியில் ஒட்டிக்கொள்ளும். செல்ஃபிக்குத் தோதான ஊர் இல்லை.

பார்க்க வேண்டியது தொழிலை. விசைப்படகுகள் திரும்பும் காலையில் துறையில் ஓரமாக நின்று பாருங்கள். இறால், நண்டு, கணவாய், காரல், திருக்கை எல்லாம் தனித்தனியாகப் பிரியும். ஏலம் ஓடும் வேகத்தில் நமக்கு ஒரு எண்ணும் காதில் விழாது. ஐஸ் உடைக்கிற சத்தம், வலையைக் கழற்றி உதறும் ஆட்கள், கூடையோடு காத்திருக்கும் பெண்கள். நேரமும் பேச்சும் பணமும் அவ்வளவு கறாராக நடக்கும் ஆபரேஷன் தியேட்டர்களைக்கூட நான் அதிகம் பார்த்ததில்லை!

இங்கே விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று கடலைப் பங்கு போட்டிருக்கிறார்கள். ஒரே கடலை இரண்டு தரப்பும் முட்டிக்கொள்ளாமல் பிழைக்க வைத்திருக்கும் ஏற்பாடு. ரோட்டில் போகிற நமக்கு இது எதுவும் தெரியாது.

டிவியில் கீழே ஓடும் ஒரு வரி மட்டும் தெரியும்: "புதுக்கோட்டை மீனவர்கள் கைது." மாசம் எத்தனை தடவை பார்க்கிறோம்? பார்த்துவிட்டு சேனலை மாற்றுகிறோம்.

2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்தில் இருந்து போன ஒரு படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கியதில் 4 பேர் இறந்தார்கள். அவர்கள் கிளம்பிப் போன துறையில் ஒருமுறை நீங்கள் நின்றிருந்தால், அந்தச் செய்தியை ஒரு வரியாகக் கடந்து போக முடியாது. இந்த ஊர்களுக்குப் போங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

டாக்டர் எதுக்கு டூரிசம் பேசறார்னு கேட்கலாம். கடலோர ஊர்களில் இருந்து ஓபிக்கு வரும் பெண்களில் சிலர் தலைவலி, தூக்கமில்லை என்று சொல்வார்கள். பிபி ஏறியிருக்கும். என்னம்மா பிரச்சினை என்றால் உடனே பதில் வராது. மருந்துச் சீட்டு எழுதி முடிக்கிற நேரத்தில் மெதுவாகச் சொல்வார்கள், "வீட்டுக்காரரைப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க சார்." இதற்கு எந்த மாத்திரையை எழுதுவது?

கடலுக்குப் போகிறவருக்கு சுகர் இருந்தால் ஒன்றிரண்டு நாளுக்குத்தான் மாத்திரை எடுத்துப் போவார். பிடிபட்டால் வாரக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டி வரும். மீனவ நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், 15 நாள் மாத்திரையும் மருந்துச் சீட்டு ஜெராக்ஸும் தண்ணி புகாத கவரில் போட்டுப் படகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மருந்தின் பெயர் இருந்தால் எந்த ஊர் டாக்டருக்கும் புரியும்.

இன்னொன்று கடல் பாம்பு. வலையை உதறும்போது கடிக்கும், பெரும்பாலும் வலிக்காது, அதனால் பலர் கண்டுகொள்வதில்லை. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் சதை வலி, சிறுநீர் கறுத்துப் போவது, மூச்சு தளர்வது. நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும்தான். கடல் பாம்புக்கு அதில் மருந்து இல்லை. வென்டிலேட்டரும் டயாலிசிஸும் இருக்கும் இடத்துக்கு நேரத்தோடு போவதுதான் உயிரைக் காக்கும். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2017ல்தான். கடற்கரையிலிருந்து அங்கே போய்ச் சேரும் தூரத்தை ஒருமுறை காரில் போய்ப் பாருங்கள், அப்போது புரியும்.

மீனவர் பக்கம் மட்டும் பேசிவிட்டுப் போனால் அது நேர்மை ஆகாது. அடிக்கடலைச் சுரண்டும் இழுவை மடி கடல்தாழையை வேரோடு பிடுங்கிவிடுகிறது. அதைத் தின்றுதான் ஆவுளியா, அதாவது கடல் பசு, உயிர் வாழ்கிறது. அதற்காகவே 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் தமிழ் மீனவர்தான். 2009 வரை போரால் கடலுக்கே போக முடியாமல் இருந்து திரும்பி வந்த யாழ்ப்பாண, மன்னார்க் குடும்பங்கள். நம் படகு இழுத்துப் போனால் அறுபடுவது அவர்கள் வலை. இலங்கை 2017ல் இந்த முறையைச் சட்டம் போட்டே தடை செய்தது. சுடுவதற்கும் மோதுவதற்கும் இது நியாயம் ஆகாது. ஆனால் இழுவை மடியிலிருந்து வெளியே வர நம் ஆட்களுக்குக் கடனும் காலமும் கொடுத்து உதவாமல், கச்சத்தீவு என்று மேடையில் கத்துவதில் பிரயோஜனம் இல்லை என்பது என் கருத்து. திட்டறவங்க கமெண்டில் திட்டலாம்.

சரி, ஊர் சுற்றல். ஆசைப்பட்ட இத்தாலி சம்பந்தமும் நம் மாவட்டத்திலேயே இருக்கு! 1898ல் ஆலங்குடி பக்கம் கருக்காகுறிச்சியில் ரோமானியத் தங்கக் காசு 501 கிடைத்தது. பல காசுகளில் பேரரசர் தலை மேலேயே உளியால் வெட்டு. செல்லாக்காசாக்க வெட்டியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் காலத்தில் கிழக்கத்திச் சரக்கு இத்தாலியில் இறங்கிய பெரிய துறைமுகம் புத்தேயோலி, இன்றைய பொஸ்ஸுவோலி. நேப்பிள்ஸும் பாம்பெய்யும் போகிற கூட்டத்தில் பெரும்பகுதி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்கும் நம்ம கோட்டைப்பட்டினத்தின் கதிதான்.

அறந்தாங்கியிலிருந்து வரும் வழியில் ஆவுடையார்கோவில். பழைய பெயர் திருப்பெருந்துறை, பெயரிலேயே துறை. பாண்டியன் கொடுத்த பணத்தோடு குதிரை வாங்கக் கடற்கரைக்கு வந்த மாணிக்கவாசகர் இங்கேதான் நின்றுபோனார் என்பது கதை. கல்லில் செய்த கொடுங்கையை அண்ணாந்து பாருங்கள், கழுத்து வலித்தால் நான் பொறுப்பல்ல. கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும். கோட்டைப்பட்டினத்தில் ராவுத்தர் அப்பா தர்கா இருக்கு, எல்லா மதத்தவரும் வருவார்கள்.

போனால் ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீங்க. கேட்காமல் பெண்களைப் படம் எடுக்காதீங்க. பாட்டிலைக் கரையில் உடைக்காதீங்க, அங்கே செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் அதிகம், தையல் போடுவது நாங்கள்தான். மீன் வாங்குங்க, பேரம் ரொம்பப் பேசாதீங்க. திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் காத்திருக்காமல் உடனே வரணும். டிடி ஊசியும் போட்டுக்கணும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதாவது பிள்ளைகளோட பெரிய லீவு. அப்போது போனால் ஏலக் கூட்டம் குறைவாக இருக்கும். விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்து பார்த்து வர்ணம் அடித்துக்கொண்டிருப்பார்கள், பேசவும் அவர்களுக்கு நேரம் இருக்கும். நாட்டுப்படகு மீன் அப்பவும் கிடைக்கும், ஐஸ் பெட்டி எடுத்துட்டுப் போங்க.